பிரெஞ்சுப் பந்தயம் ஒன்றின் வரலாற்றை நோட்டுப் போட்டு எழுதும் முறை

இராமநாதபுரம் பக்கத்து மாட்டு வண்டிப் பந்தய நோட்டீஸைக் கையில் எடுத்தால் பெரிய மாடா, நடு மாடா, பூஞ்சிட்டா என்று மாட்டு வகையைத்தான் முதலில் பார்ப்போம். அடுத்தது, போய்வர எத்தனை மைல். பிரெஞ்சுக் குதிரைப் பந்தயத்துக்கும் அந்தக் கண்தான் வேண்டும். பெயரைப் பிடித்துக்கொண்டு போனால் வழி தப்பும்.

பாரிஸில் அக்டோபர் தொடக்கத்தில் இரண்டு வயதுக் குதிரைகளுக்கு நடக்கும் ‘பிரி ழான்-லுக் லகார்தேர்’ பந்தயத்தை எடுத்துக்கொள்வோம். நோட்டில் மேலிருந்து கீழாக ஆறு பத்தி போடுங்கள், ஆண்டுக்கு ஒரு வரிசை: ஆண்டு, அன்றைய பெயர், மைதானம், தூரம், யாருக்கு அனுமதி, வென்ற குதிரை.

பெயர்ப் பத்தியில்தான் அதிகம் சறுக்குவார்கள். 1853-இல் தொடங்கிய இப்பந்தயம் நெடுங்காலம் ‘கிராண்ட் கிரித்தேரியம்’ என்றே வழங்கியது. குதிரை உரிமையாளர் லகார்தேர் 2003-இல் இறந்த பிறகுதான் அவர் பெயர் வந்தது. ஆகவே 1991-இல் வென்ற அராஸி என்ற குதிரைக்கு எதிரே புதுப் பெயரை எழுதாதீர்கள். ‘குரூப் 1’ என்ற, பந்தயங்களின் மிக உயர்ந்த தரமும் அப்படியே. ஐரோப்பாவில் அந்த வகைப்பாடு 1971-இல்தான் வந்தது, அதற்கு முந்தைய வரிசையில் அது இருக்கக் கூடாது.

மைதானத்துக்கு ஒரு சோதனை: இப்பந்தயம் நடக்கும் பாரிஸின் லோன்ஷான் மைதானம் திறந்ததே 1857-இல். அதற்கு முந்தைய ஆண்டில் அந்தப் பெயர் தென்பட்டால் அடித்துவிடலாம். 2016, 2017 இரண்டு ஆண்டும் ஷான்தியி என்ற வேறு மைதானம் வரும். லோன்ஷானில் கட்டட வேலை நடந்த காலம் அது. முதல் உலகப் போர் ஆண்டுகளைக் காலியாக விடாமல் ‘போர், நடக்கவில்லை’ என்று எழுதுங்கள். இல்லாவிட்டால் பின்னால் பார்ப்பவர் விடுபட்டது என்று நினைப்பார்.

தூரம் 2001-இல் 1600 மீட்டரிலிருந்து 1400 ஆனது, 2015-இல் மறுபடி 1600, 2020-இல் மறுபடி 1400. நம் கணக்கில் 1600 என்றால் ஒரு மைலுக்கு ஒன்பது மீட்டர் குறைவு. தூரம் மாறிய ஆண்டுகளின் நேரத்தை ஒப்பிடுவது வீண். ஒரே தூரமானாலும் தரை ஏமாற்றும்: தனுஷ்கோடியில் அலையோர ஈர மணலில் ஓடுவதற்கும் மேட்டு மணலில் கால் புதைய ஓடுவதற்கும் உள்ள வித்தியாசம் அது. பிரெஞ்சு மைதானத்தில் மழை பெய்தால் புல்தரை இளகிக் காலை இழுக்கும். தரை நிலையைத் தூரத்துக்குப் பக்கத்திலேயே சிறிதாகக் குறித்து வையுங்கள்.

மாட்டின் வயதை இங்கே பல்லைப் பார்த்துச் சொல்வோம். அங்கே பந்தயக் குதிரைகள் எல்லாவற்றுக்கும் ஜனவரி 1-இல் ஒரு வயது கூடும். பிப்ரவரியில் பிறந்தது அக்டோபரில் 32 மாதக் குட்டி, மே மாதத்தில் பிறந்தது 29. இரண்டுமே ‘இரண்டு வயது’தான், அந்த மூன்று மாதம் ஓட்டத்தில் தெரியும். ஆணும் பெண்ணும் சேர்ந்தே ஓடலாம். 2017-இல் வென்ற ஹேப்பிலி பெண் குதிரை. காயடித்தவற்றுக்கு இடமில்லை, இனவிருத்திக்கு ஆள் பொறுக்கும் பந்தயம் என்பதால்.

கடைசிப் பத்தியில் நம் வழக்கப்படி உரிமையாளரையும் ஊரையும் எழுதிவிடாதீர்கள். அங்கே குதிரையின் பெயரே பதிவு. பெயருக்குப் பின்னால் வரும் நாட்டுக் குறி பிறந்த நாட்டைச் சொல்லும், பயிற்சி பெற்ற நாட்டை அல்ல. அராஸி பிறந்தது அமெரிக்காவில், பழகியது பிரான்ஸில்.