தின்னர் அறைக்கு எல்ஈடி மாற்றிய அனுபவம்

எங்கள் பட்டறையில் பெயிண்ட் கலக்கும் அறையில் தின்னர் வாடை எந்நேரமும் இருக்கும். பழைய ட்யூப்லைட்டுக்குப் பதிலாக தூசியும் தண்ணீரும் புகாத ஐபி65 எல்ஈடி ஒன்றை மாட்டினேன். தண்ணீரே போகாது, ஆவி எப்படிப் போகும் என்று நினைத்தேன். தவறு. ஐபி எண் தூசிக்கும் தண்ணீருக்கும் மட்டும்தான். விளக்கு அணைந்து சூடு ஆறும்போது வெளிக்காற்றை உள்ளே இழுக்கும், ஆவியும் கூடவே போகும். அப்புறம் டிரைவரில் (எல்ஈடிக்கு ஏற்றபடி மின்சாரத்தை மாற்றித் தரும் சர்க்யூட்) ஒரு பொறி போதும், ஆவி தீப்பிடித்துவிடும்.

அன்றே கழற்றிவிட்டு ஃப்ளேம்ப்ரூஃப் விளக்கு வாங்கினேன். உள்ளே வெடித்தாலும் அதன் பெட்டி தாங்கும். மூடியின் ஒடுக்கமான இடைவெளியில் தீ குளிர்ந்து அணைந்துவிடும். தகட்டில் ஜோன் 1 (வழக்கமான வேலையின்போதே எரியும் ஆவி சேரக்கூடிய இடம்), டி6 என்று பார்த்தேன். டி6 என்றால் மேற்பரப்புச் சூடு 85 டிகிரியைத் தாண்டாது. பெசோ (மத்திய அரசின் பெட்ரோலியம், வெடிபொருள் பாதுகாப்பு அமைப்பு) சான்றிதழையும் கேட்டு வாங்கினேன்.

சிக்கல் மாட்டும்போதுதான் வந்தது. எலக்ட்ரீஷியன் தம்பி கேபிள் விளக்குக்குள் நுழையும் துளையில் அதை இறுக்கிப் பிடிக்கும் கிளாண்டாக, சாதாரண பிளாஸ்டிக் கிளாண்டைப் போட்டுவிட்டார். அந்த ஒரு துளையிலேயே மொத்தப் பாதுகாப்பும் போய்விடும். அதைக் கழற்றி ஃப்ளேம்ப்ரூஃப் டபுள் கம்ப்ரஷன் கிளாண்ட் போட்டோம். பயன்படாத துளையைச் சான்று பெற்ற பிளக்கால் அடைத்தோம். மூடியின் போல்ட் ஒவ்வொன்றையும் நானே முறுக்கிப் பார்த்தேன். சுவிட்சையும் அறைக்கு வெளியே மாற்றினோம். வேலை முடியும்வரை மின்சாரத்தைத் துண்டித்தே வைத்திருந்தோம், பெயிண்ட் கலக்கவும் இல்லை.