வயிற்றோட்டம் நின்ற பிறகும் வயிறு சரியில்லையா? இரத்தப் பரிசோதனையில் தவிர்க்க வேண்டிய தவறுகள்

மழைக்காலத்தில் பீலித் தண்ணீர் கலங்கினால், தேயிலைத் தோட்ட லயத்தில் ஒரு வீட்டில் தொடங்கும் வயிற்றோட்டம் நாலு வீட்டைச் சுற்றிவிடும். ஜீவனி என்ற உப்புச்சர்க்கரைப் பொடியைக் கரைத்துக் குடித்து, தோட்ட டிஸ்பென்சரியில் மருந்து வாங்கி, ஒரு வாரத்தில் பெரும்பாலானோர் எழுந்து வேலைக்குப் போய்விடுவார்கள். ஆனால் கிருமியால் வயிற்றோட்டம் வந்த பத்துப் பேரில் ஏறக்குறைய ஒருவருக்கு அது அத்தோடு முடிவதில்லை. கிருமி போன பிறகும் வயிறு முறுக்கும். சாப்பிட்ட கையோடு கக்கூசுக்கு ஓட வேண்டிவரும். போய் வந்தால் வலி கொஞ்சம் தணியும், அப்புறம் மறுபடி வரும். மாதக்கணக்கில் இப்படி இழுத்தால், தொற்றுக்குப் பின் வரும் குடல் எரிச்சல் நோயாக, அதாவது ஐபிஎஸ்ஸாக அது இருக்கலாம்.

இந்தக் கட்டத்தில்தான் பலர் டவுனுக்கு இறங்கி லேப்பில் இரத்தம் கொடுக்கிறார்கள். இரத்த எண்ணிக்கை, ஈஎஸ்ஆர், சிஆர்பி எல்லாம் சரியாக இருக்கிறது என்று ரிப்போர்ட் வரும். "ரிப்போர்ட் நல்லாத்தானே இருக்கு, உனக்கு ஒன்னுமில்ல" என்று வீட்டிலேயே சொல்லிவிடுவார்கள். எல்லாத் தவறிலும் பெரியது இதுதான். இந்தப் பரிசோதனைகள் அழற்சியையும் இரத்தச்சோகையையும் தேடுபவை. ஐபிஎஸ்ஸில் குடலின் அசைவும் உணர்திறனும் மாறியிருக்கும், இரத்தத்தில் அது தெரியாது. வேறு நோய் இல்லை என்று உறுதி செய்யவே மருத்துவர் இவற்றை எழுதுகிறார். அறிகுறிகள் இருந்து ரிப்போர்ட்டும் சரியாக இருந்தால், அது ஐபிஎஸ் பக்கம் சாய்கிற செய்தி.

இதில் பெண்கள் படும் பாடு தனி. கொழுந்து மலையில் கக்கூஸ் வசதி இல்லாததால், இந்த நோய் உள்ள பெண் காலையில் சாப்பிடாமல், பகல் முழுக்கத் தண்ணீர் குடிக்காமல் வேலை செய்கிறாள். அவளை வேலைக்குக் கள்ளம் என்று சொல்வது அநியாயம். கனடாவின் வாக்கர்டன் ஊரில் 2000 மே மாதம் குடிநீரில் கிருமி கலந்து ஆயிரக்கணக்கானோர் நோயுற்றார்கள். அவர்களைப் பல ஆண்டுகள் தொடர்ந்து கவனித்தபோது, இரண்டு மூன்று ஆண்டுகளில் சுமார் 28 சதவீதத்தினருக்கும், எட்டு ஆண்டுகளுக்குப் பிறகும் சுமார் 15 சதவீதத்தினருக்கும் ஐபிஎஸ் இருந்தது. பெண்களுக்கும், இளம் வயதினருக்கும், வயிற்றோட்டம் கடுமையாக வந்தவர்களுக்கும் அது அதிகம். நோய் உண்மையானது. பலருக்கு அது காலப்போக்கில் குறைவதும் உண்மை.

இணையத்தில் தேடுபவர்களின் கண்ணில் இன்னொரு பரிசோதனை படும். கம்பைலோபாக்டர், ஷிகெல்லா போன்ற கிருமிகள் சிடிடிபி என்ற நச்சை வெளியிடுகின்றன. அதை எதிர்த்து உடல் உருவாக்கும் எதிர்ப்பொருள், குடல் நரம்புகளில் உள்ள வின்குலின் என்ற நம் சொந்தப் புரதத்தையும் தாக்கிவிடுகிறது, குடலின் அசைவு குழம்புவது அதனால்தான் என்பது இதன் பின்னுள்ள கருத்து. சிடிடிபியையும் வின்குலினையும் எதிர்க்கும் இரண்டு எதிர்ப்பொருள்களையும் இரத்தத்தில் அளக்கலாம் என்று லாஸ் ஏஞ்சலிஸிலுள்ள சீடார்ஸ்-சைனாய் மருத்துவமனை ஆய்வாளர்கள் 2015இல் எழுதினார்கள். வயிற்றோட்ட வகை ஐபிஎஸ்ஸைக் குடல் அழற்சி நோயிலிருந்து பிரித்தறிய சிடிடிபி எதிர்ப்பொருளின் தனித்தன்மை சுமார் 92 சதவீதம், அதாவது குடல் அழற்சி நோய் உள்ள நூறு பேரில் சுமார் 92 பேருக்குச் சரியாக 'நெகடிவ்' வரும். ஆனால் ஐபிஎஸ் உள்ளவர்களைக் கண்டுபிடிக்கும் திறன் 44 சதவீதம்தான். அதாவது நோய் உள்ளவர்களில் பாதிக்கும் மேற்பட்டோருக்கு 'நெகடிவ்' என்றே வரும். அதைப் பார்த்து ஐபிஎஸ் இல்லை என்று முடிவுகட்டக்கூடாது. மலச்சிக்கல் வகைக்கு இதை எதிர்பார்க்கவும் வேண்டாம். 2019இல் அமெரிக்க இரைப்பைக் குடலியல் கழகத்தின் வழிகாட்டல்கூட இதைச் செய்யும்படி பரிந்துரைக்கவில்லை. முடிவு எதுவானாலும் சிகிச்சை பெரிதாக மாறாத ஒன்றுக்காக நாட்சம்பளத்தில் வாழும் குடும்பம் கடன்படுவதை நான் ஏற்கமாட்டேன்.

எதிர்ப்பக்கத் தவறும் உண்டு. ஹீமோகுளோபின் குறைந்திருந்தால், "தோட்டத்துப் பொம்பளைங்களுக்கு இது வழக்கம்தானே" என்று இரும்புச்சத்து மாத்திரையோடு விட்டுவிடுகிறோம். ஐபிஎஸ் இரத்தத்தைக் குறைக்காது. வயிற்றுக்கோளாறோடு இரத்தச்சோகையோ சிஆர்பி உயர்வோ இருந்தால் காரணத்தைத் தேடியாக வேண்டும். மலத்தில் இரத்தம், காரணமில்லாத எடைக்குறைவு, இரவில் தூக்கத்தைக் கலைக்கும் வயிற்றோட்டம், விடாத காய்ச்சல், ஐம்பது வயதுக்கு மேல் புதிதாகத் தொடங்கிய தொல்லை, இவற்றில் ஒன்று இருந்தாலும் நுவரெலியா, பதுளை, கண்டி என்று பக்கத்திலுள்ள பெரிய ஆஸ்பத்திரி கிளினிக்குக்குப் போங்கள்.

கோதுமை ஒவ்வாத சீலியாக் நோய்க்கான டிடிஜி இரத்தப் பரிசோதனை எழுதியிருந்தால், முன்கூட்டியே ரொட்டியை நிறுத்திவிடாதீர்கள். நிறுத்தினால் எதிர்ப்பொருள் இறங்கி, நோய் இருந்தும் ரிப்போர்ட் சரியாகத் தெரியும். இரத்தம் கொடுக்கும்வரை வழக்கம்போலச் சாப்பிடுங்கள்.

சில விடைகள் இரத்தத்திலேயே கிடைக்காது. அசுத்தத் தண்ணீரில் வரும் ஜியார்டியா என்ற ஒட்டுண்ணி வாரக்கணக்கில் வயிற்றைக் கெடுக்கும், அதை மலப் பரிசோதனையில்தான் தேட வேண்டும். நோர்வேயின் பேர்கன் நகரில் 2004இல் அது பரவியபோது, நோயுற்றவர்களில் சுமார் 46 சதவீதத்தினருக்கு மூன்று ஆண்டுகளுக்குப் பிறகு ஐபிஎஸ் இருந்தது. பரிசோதிக்காமல் ஒவ்வொரு முறையும் பார்மசியில் மெட்ரோனிடசோல் என்ற கிருமி மாத்திரையை வாங்கி விழுங்குவது ஐபிஎஸ்ஸைக் குணப்படுத்தாது.

வயிற்றோட்டம் நின்ற அடுத்த வாரமே ஐபிஎஸ் டெஸ்ட் கேட்பதும் வீண். வழக்கமான வரையறைப்படி தொல்லை தொடங்கி ஆறு மாதமாவது ஆகியிருக்க வேண்டும், கடைசி மூன்று மாதங்களில் சராசரியாக வாரத்துக்கு ஒரு நாளாவது வலி இருக்க வேண்டும். எச்சரிக்கை அறிகுறி இருந்தால் மட்டும் காத்திருக்கக்கூடாது. கிளினிக்குக்குப் போகும்போது பழைய ரிப்போர்ட்டுகள், முதல் வயிற்றோட்டம் எந்த மாதம் வந்தது, இரத்தம் போனதா, காய்ச்சல் இருந்ததா, என்ன மாத்திரை எடுத்தீர்கள் என்று எழுதிய ஒரு தாள், இரண்டையும் கையில் கொண்டுபோங்கள். மருத்துவர் முதலில் கேட்கப்போவது அதைத்தான்.