பெல்லந்தூர் நுரையைப் பெருந்திரையில் ஏற்றுவது எப்படி?

கழிவுநீரால் நுரை பொங்கும் பெல்லந்தூர் போன்ற பெங்களூரு ஏரிகளைப் படமெடுத்து வைத்திருப்பவர்களுக்கு இப்போது இரண்டு வாசல்கள்: இணையக் காட்சி, பொது இடத்து எல்.இ.டி. திரை. ஒரே கோப்பை இரண்டுக்கும் அனுப்பினால் ஏதோ ஒன்றில் படம் கெடும். பெரும்பாலும் கெடுவது திரையில்தான்.

படத்தில் கை வைக்கும் முன் திரையின் பிக்சல் கணக்கைக் கேட்டு வாங்குங்கள். “இருபதடி அகலம்” என்று சொல்வார்கள். அதை வைத்து ஒன்றும் செய்ய முடியாது. பிட்ச் என்ன என்று கேளுங்கள். பி6 என்றால் ஒரு விளக்குப் புள்ளிக்கும் அடுத்ததற்கும் 6 மி.மீ. இடைவெளி. 96 செ.மீ. சதுரப் பெட்டிகளை அகலத்தில் 6, உயரத்தில் 3 என்று அடுக்கிய திரை 5.76 மீட்டருக்கு 2.88 மீட்டர். பிக்சலில் 960க்கு 480தான். உங்கள் போனே இதைவிடக் கூர்மை. 4கே கோப்பைக் கொடுத்தால் திரையின் கருவி தன் போக்கில் சுருக்கும், நாணலும் கம்பிவேலியும் நெளிநெளியாகத் தெரியும். அதே அளவுக்கு நீங்களே வெட்டிச் சுருக்கிக் கொடுங்கள். இழுத்து நிரப்ப வேண்டாம்.

பிறகு ஒரு சோதனை. 30 மீட்டர் தொலைவில் நிற்பவருக்கு அந்தத் திரை தெரியும் அளவு, அரை மீட்டர் தள்ளிப் பார்க்கும் 9.6 செ.மீ. அகலப் படத்துக்குச் சமம். மடிக்கணினியில் அந்த அளவுக்குச் சுருக்கிப் பாருங்கள். எது நுரை, எது தண்ணீர் என்று மூன்று நொடியில் பிடிபடவில்லையென்றால் இன்னும் நெருக்கமாக வெட்டுங்கள்.

வெள்ளைதான் பெரிய தலைவலி. எல்.இ.டி.யில் வெள்ளை என்பது மூன்று நிற விளக்குகளும் முழு வீச்சில் எரிவது. படக் கோப்பில் வெளிச்சத்தின் உச்ச மதிப்பு 255. அதில் விட்ட நுரை இரவில் கண்ணைக் கூசவைக்கும் வெறும் பளிச்சாகிவிடும். உச்ச வெள்ளையை 225 அளவுக்கு இறக்கினால் குமிழிகள் பிழைக்கும். படமெடுக்கும்போதே வெளிச்சத்தை முக்கால் ஸ்டாப் (ஒரு ஸ்டாப் குறைத்தால் வெளிச்சம் பாதியாகும்) குறைத்துக்கொள்வது இன்னும் நல்லது. வெளுத்துப்போன நுரையைப் பிறகு மீட்க முடியாது. இருட்டுப் பக்கமும் சிக்கல் உண்டு. அல்சூர் ஏரியின் இரவு நீரில் மெல்ல மாறும் கருமை, திரையில் பட்டை பட்டையாக உடையும். நிழலைச் சற்றுத் தூக்கி, லேசாக மணல்போன்ற புள்ளி (கிரெய்ன்) சேர்த்தால் பட்டை மறையும்.

எழுத்தைத் திரையின் மென்பொருளில் தட்டச்சு செய்யச் சொல்லாதீர்கள். பலவற்றில் தமிழ் சரியாகக் கோக்காது. கொம்பு எழுத்துக்குப் பின்னால் போய் நிற்கும். எழுத்தைப் படத்திலேயே பதித்து அனுப்புங்கள். கன்னட வரிக்கும் இதே கதைதான். உயரம் குறைந்தது 40 பிக்சல், தடித்த எழுத்துரு. அதற்குக் கீழே போனால் புள்ளி கரைந்து ‘கல்’, ‘கல’ ஆகும். ‘ஏ’யின் கீழ்க்கோடு மறைந்து ‘ஏரி’, ‘எரி’ ஆகும். பெல்லந்தூரைப் பொறுத்தவரை அதுவும் பொய்யில்லை: 2015, 2017, 2018 மூன்று ஆண்டுகளிலும் அங்கே தீப்பிடித்தது.

வீடியோ என்றால் எம்பி4 கோப்பு, எச்.264 சுருக்கமுறை, நொடிக்கு 25 அல்லது 30 சட்டகம் (ஃபிரேம்). போன்கள் சட்டக வேகத்தை மாற்றி மாற்றிப் பதிவு செய்வதால் திரையில் படம் விக்கும். நிலையான வேகத்துக்கு மாற்றிவிடுங்கள். தொடக்கத்திலும் முடிவிலும் கறுப்புச் சட்டகம் வேண்டாம், வீடியோ திரும்பத் திரும்ப ஓடும்போது திரை அணைந்ததுபோல் இருக்கும். நொடிக்கு மூன்று முறைக்கு மேல் பளிச்சிடும் காட்சி வலிப்பு நோயுள்ளவர்களுக்கு ஆபத்து. ஒலியை நம்பாதீர்கள்.

இணையத்துக்குத் தனிக் கோப்பு: இணையத்தில் வழக்கமான எஸ்.ஆர்.ஜி.பி. நிற அமைப்பு, நீண்ட பக்கம் 2048 பிக்சல், ஜேபெக் தரம் 85. அடோபி ஆர்.ஜி.பி. என்ற இன்னொரு நிற அமைப்பில் விட்டால் பல இடங்களில் பச்சை வெளிறித் தெரியும். கரையோரம் குடியிருப்பவர்கள் படத்தில் இருந்தால் எடுத்த இடத்தைக் காட்டும் ஜி.பி.எஸ். விவரத்தைக் கோப்பிலிருந்து நீக்குங்கள்.

காட்சி நேரத்தை எழுதும்போது யூ.டி.சி.யும் (உலகப் பொது நேரம்) சேர்த்து எழுதுங்கள். இங்கே இரவு 7 மணி என்றால் யூ.டி.சி. 13:30. நியூயார்க் நகரின் டைம்ஸ் சதுக்கத் திரைகளில் இரவு 11:57க்குத் தொடங்கும் மூன்று நிமிடக் கலைக்காட்சி, அங்கே கோடைக்காலமானால் நமக்கு மறுநாள் காலை 9:27, குளிர்காலமானால் 10:27. இந்த ஒரு மணி நேரத்தில் ஏமாந்தவர்கள் அதிகம்.

திரையில் ஓடியதைப் படமெடுத்து வைக்காவிட்டால் அது ஓடியதற்குச் சான்றாக இணையத்தில் காட்ட ஒன்றும் இருக்காது. ஷட்டரை 1/50 நொடிக்கு மேல் வேகமாக வைத்தால் கறுப்புக் கோடுகள் விழலாம். முக்காலி போட்டு, திரைக்கு நேரே நிற்காமல் சற்றுச் சாய்வாக நின்று, அந்தி வெளிச்சம் அணையுமுன் எடுங்கள். அப்போதுதான் திரையோடு தெருவும் தெரியும்.