மனோரஞ்சிதம் மணக்கவில்லை என்று யார் சொன்னது?

மனோரஞ்சிதம் வாங்கி வைத்தவர்கள் பலரும் சொல்லும் முதல் புகார், "பூ பூக்குது, ஆனா வாசமே இல்லை" என்பதுதான். போய்ப் பார்த்தால் பூ இன்னும் பச்சையாக இருக்கும். இலையோடு இலையாகப் பச்சையாகவே விரிகிற பூ அது, அந்த நிலையில் மணம் வராது. சில நாள் விட்டு மஞ்சளாகப் பழுக்கும்போது பூ எங்கே இருக்கிறது என்று கண் தேடுவதற்குள் மூக்கு கண்டுபிடித்துவிடும். பச்சையிலேயே பறித்து முகர்ந்துவிட்டு நர்சரிக்காரரைத் திட்டாதீர்கள்.

நேரமும் முக்கியம். நம் வீடுகளில் பிரம்ம கமலம் என்று சொல்கிற நிஷாகந்தி (உண்மையான பிரம்ம கமலம் இமயமலையில் வளரும் வேறு செடி) இருட்டிய பிறகு விரிந்து, விடிவதற்குள் வாடிவிடும். காலையில் போய் முகர்ந்தால் என்ன கிடைக்கும்?

அப்புறம், மூக்கைப் பூவுக்குள் நுழைக்காதீர்கள். மல்லிகையின் மணத்தில் இண்டோல் என்ற பொருள் இருக்கிறது, கொஞ்சமாக இருந்தால் பூவாசம், அதுவே செறிவாக இருந்தால் மல நாற்றம். ஒரு முழம் தள்ளி நின்று, காற்று கொண்டுவருவதை வாங்கிக்கொள்வதே சரியான முறை. சில நிமிடத்தில் மணம் குறைந்ததாகத் தோன்றினால் பூ ஓய்ந்துவிடவில்லை, மூக்குதான் பழகிவிட்டது. வெளியே போய்விட்டு வாருங்கள்.

எனக்கு மிகவும் வருத்தம் தருகிற தவறு, முகர்வதற்கு முன்பே "இது பலாப்பழ வாசம்" என்று சொல்லிவிடுவது. மனோரஞ்சிதத்தை எந்தப் பழத்தை நினைத்து முகர்ந்தாலும் அந்தப் பழம் மணக்கும் என்று பாட்டிகள் சொல்வார்கள். அதில் விஷயம் இருக்கிறது. பழங்களுக்கு மணம் தருகிற எஸ்டர் வகைப் பொருட்கள் இந்தப் பூவிலும் உண்டு, மிச்சத்தை மனம் நிரப்பிக்கொள்கிறது. 2001இல் வெளியான ஓர் ஆய்வில், ஒரே வாசனையைச் சீஸ் என்று சொல்லிக் கொடுத்தபோது விரும்பியவர்கள், வாந்தி என்று சொன்னபோது முகம் சுளித்தார்கள். அதனால் குழந்தைகளிடம் பெயர் சொல்லாமல் பூவை நீட்டுங்கள், அவர்களே சொல்லட்டும்.

பக்கத்தில் இருப்பவருக்கு வேறு மாதிரி மணந்தால் சண்டை போடவும் வேண்டாம். வயலட் பூவில் இருக்கும் பீட்டா அயனோன் சிலருக்குப் பூவாசம், சிலருக்குப் புளித்த நெடி. ஓஆர்5ஏ1 என்ற ஒரே மரபணுவில் உள்ள வேறுபாடுதான் இதற்குப் பெரும் காரணம் என்று 2013இல் காட்டினார்கள். இரண்டு பேரும் சொல்வது உண்மைதான்.

கடைசியாக ஒன்று. சேனைக்கிழங்கு எப்போதாவது பூக்கும்போது எலி செத்துக் கிடக்கிறது என்று தோட்டம் முழுக்கத் தேடுவார்கள், பூ என்று தெரிந்ததும் வெட்டி எறிந்துவிடுவார்கள். அழுகலைத் தேடி வரும் வண்டுகளையும் ஈக்களையும் கூப்பிடத்தான் அது அப்படி நாறுகிறது. ஓரிரு நாளில் அடங்கிவிடும், ஜன்னலைச் சாத்திக்கொண்டு விட்டுவிடுங்கள்.