அயர்லாந்துல ஓட்டு போடுறது எப்படி? டிக் அடிக்காதீங்க, நம்பர் போடுங்க

டப்ளின்லயோ கார்க்லயோ வேலைக்கு வந்து செட்டில் ஆன நம்ம ஆளுங்க நிறைய பேர்கிட்ட கேட்டாச்சு, பாதி பேருக்கு இது தெரியல: இங்க லோக்கல் எலக்‌ஷன்ல ஓட்டு போட சிட்டிசன்ஷிப் வேணாம். எந்த நாட்டு பாஸ்போர்ட்டா இருந்தாலும் சரி, 18 வயசு ஆகி இங்க குடியிருந்தா போதும். டாயில் எலக்‌ஷன், அதாவது பார்லிமெண்ட் எலக்‌ஷன்னா ஐரிஷ் இல்லன்னா பிரிட்டிஷ் சிட்டிசனா இருக்கணும், ஜனாதிபதி தேர்தலும் ரெஃபரெண்டமும் ஐரிஷ் சிட்டிசனுக்கு மட்டும். கவுன்சிலுக்கு 5 வருஷத்துக்கு ஒரு தடவ, போனது 2024 ஜூன்ல முடிஞ்சுது, அடுத்தது 2029. இன்னும் நாள் இருக்கேன்னு விட்டுடாதீங்க, எலக்‌ஷன் அறிவிச்ச அப்புறம் கடைசி நேரத்துல பேர் சேக்க ஓடுனா கடைசி தேதி போயிருக்கும். ஆன்லைன்லயே முடிஞ்சுடும், பிபிஎஸ் நம்பர் (அரசாங்கம் குடுக்குற அடையாள நம்பர்), பிறந்த தேதி, எயர்கோட் (வீட்டு போஸ்ட்கோட்) மூணும் கையில இருந்தா ஒரு டீ ஆறுறதுக்குள்ள வேலை முடிஞ்சுது. வீடு மாறுனா மறுபடி அப்டேட் பண்ணணும், வாடகை வீட்ல இருக்குறவங்க கோட்டை விடுறது இங்கதான்.

எலக்‌ஷன் வந்துடுச்சுன்னு நாம பேப்பர் படிச்சு தெரிஞ்சுக்கவே வேணாம், லேம்ப் போஸ்ட் ஃபுல்லா மூஞ்சியா தொங்கும். ஓட்டு நாளுக்கு 30 நாள் முன்னாடியில இருந்துதான் போஸ்டர் கட்டலாம், முடிஞ்சு 7 நாளுக்குள்ள அவங்களே அவுத்துடணும், இல்லன்னா ஃபைன். அப்புறம் சாயங்காலம் ஆனா கதவு தட்டுவாங்க, சில சமயம் வேட்பாளரே வந்து நிப்பாரு. எனக்கு ஓட்டு இல்லைங்கன்னு கதவ சாத்திடாதீங்க, ரோடு குழி, பஸ் ரூட், கிரெச் (குழந்தைகள் காப்பகம்) கிடைக்கல, எதுவா இருந்தாலும் கேளுங்க, குறிச்சுட்டு போவாங்க. உங்களுக்கு நான் நம்பர் 1 இல்லன்னாலும் பரவால்ல, ஒரு 2, 3 குடுங்கன்னு கேப்பாங்க பாருங்க, அந்த வார்த்தைலதான் இந்த ஊர் அரசியலே இருக்கு.

இப்ப ஓட்டுச் சீட்டுக்கு வருவோம். பூத் பெரும்பாலும் பக்கத்து ஸ்கூல்தான், போலிங் கார்டு தொலைஞ்சா பிரச்சனை இல்ல, பாஸ்போர்ட்டோ லைசென்ஸோ எடுத்துட்டு போங்க. சீட்டுல எல்லார் பேரும் குடும்பப் பேர் அகர வரிசைல இருக்கும், கூடவே ஃபோட்டோ, கட்சி சின்னம். நூல்ல கட்டுன பென்சில் ஒண்ணு இருக்கும். டிக் அடிக்கக் கூடாது, பிடிச்சவருக்கு 1, அடுத்து 2, அடுத்து 3. எது வரைக்கும் வேணா போகலாம், எங்க வேணா நிறுத்தலாம். நடுவுல நம்பர் விடக் கூடாது, 1, 2 போட்டுட்டு 4க்கு தாவிட்டீங்கன்னா 2 வரைக்கும்தான் உங்க ஓட்டு உயிரோட இருக்கும். கையெழுத்து, பேர் எதுவும் எழுதிடாதீங்க, சீட்டு செல்லாம போயிடும்.

நான் முதல் தடவ வெறும் 1 மட்டும் போட்டுட்டு பெருமையா வீட்டுக்கு வந்தேன். அது செல்லும், ஆனா வேஸ்ட். பக்கத்து வீட்டு தாத்தாகிட்ட சொன்னதும் அவரு சிரிச்ச சிரிப்பு இருக்கே. அவரு வீடு பரம்பரை ஃபியனா ஃபாயில் கட்சி வீடு. 1 யாருக்குங்கறத அவரு யோசிக்கறதே இல்லயாம், அது அவங்க அப்பா காலத்துலயே முடிவானது, உண்மையான ஓட்டு கடைசி நம்பர்தான்னாரு. சீட்டு அடி வரைக்கும் நம்பர் போட்டு, எதிர்க் கட்சியான ஃபீன கேல் ஆளுக்கு கடைசி நம்பர் போட்டுட்டு வந்தாதான் அவரோட தாத்தாவுக்கு மரியாதையாம்.

இது என்ன பங்காளி சண்டைன்னு கேட்டா, நிஜமாவே பங்காளி சண்டைதான். சுதந்திரப் போராட்டத்த முடிக்க 1921 டிசம்பர்ல பிரிட்டனோட ஒப்பந்தம் போட்டாங்க, 1922 ஜனவரில டாயில் அத 64க்கு 57ன்னு ஏத்துக்குச்சு, அந்த ஏழு ஓட்டு வித்தியாசத்துல ஊரே ரெண்டாச்சு. ஜூன்ல உள்நாட்டுப் போர், ஆகஸ்ட்ல, அந்த ஒப்பந்தத்துல கையெழுத்து போட்ட மைக்கேல் காலின்ஸ் அவரோட சொந்த கவுண்டியான கார்க்லயே, பேல் ந ப்ளாங்கற இடத்துல சுடப்பட்டு செத்தாரு, 1923 மே மாசம் சண்டை ஓஞ்சுது. ஒப்பந்தம் வேணாம்னவங்கள்ல இருந்து 1926ல அவங்க தலைவர் டி வலேரா ஆரம்பிச்சது ஃபியனா ஃபாயில், ஒப்பந்தத்த ஏத்துக்கிட்டவங்க வழில 1933ல வந்தது ஃபீன கேல். கொள்கைல ரெண்டுக்கும் வித்தியாசம் சொல்லுங்கன்னா இங்கயே பாதி பேர் தலைய சொறிவாங்க. அப்படிப்பட்ட ரெண்டு கட்சியும் 2020லதான் முதல் தடவயா ஒரே அரசாங்கத்துல உக்காந்தாங்க. 2022ல காலின்ஸ் செத்து 100 வருஷம் ஆனப்ப அதே பேல் ந ப்ளால ஃபியனா ஃபாயில் தலைவர் மைக்கேல் மார்ட்டினும் ஃபீன கேல் தலைவர் லியோ வராட்கரும் ஒரே மேடைல பேசுனாங்க. தாத்தா அத டிவில பாத்துட்டு அன்னிக்கு வாயே திறக்கல.

அதனால டிப்ஸ் மாதிரி ஒண்ணு: இங்க யார்கிட்டயும் யாருக்கு ஓட்டு போட்டீங்கன்னு நேரா கேக்காதீங்க, உங்க வீடு என்ன வீடுன்னு கேளுங்க, கதை அதுவா வரும். பழைய கதைதானேன்னு லேசா மட்டும் எடுத்துக்காதீங்க. 2020 ஜனவரில பழைய பிரிட்டிஷ் காலத்து போலீஸ், ஆர்ஐசிக்கு டப்ளின் காசில்ல ஒரு நினைவு நிகழ்ச்சி நடத்துறோம்னு அரசாங்கம் கிளம்புச்சு, சுதந்திரப் போராட்டத்த அடக்க பிரிட்டன் அனுப்புன ப்ளாக் அண்ட் டேன்ஸ் ஆளுங்களும் அந்த ஆர்ஐசிக்கு எடுத்தவங்கதானேன்னு எல்லாரும் கொதிச்சு எழ, தள்ளி வெச்சுட்டாங்க. அடுத்த மாசமே எலக்‌ஷன், முதல் நம்பர் ஓட்டுல ஷின் ஃபேன் கட்சி முதலிடம். வீட்டு வாடகையும் ஆஸ்பத்திரி வெயிட்டிங் லிஸ்ட்டும்தான் பெரிய காரணம், ஆனாலும் அந்த கோவம் எரியுற அடுப்புல எண்ணெய் ஊத்துச்சுன்னு நான் நினைக்கிறேன்.

எண்ணிக்கை ஓட்டு போட்ட மறுநாள் காலைல ஆரம்பிக்கும், அத பாக்குறது தனி சுகம். இங்க ஒரே தொகுதில இருந்து பல பேரு ஜெயிப்பாங்க. கணக்கு இதுதான்: ஒரு தொகுதில 5 இடம், செல்லுற ஓட்டு 12,000ன்னு வெச்சுக்கோங்க. இடத்தோட எண்ணிக்கையில ஒண்ணு கூட்டி 6 ஆல வகுத்தா 2,000, அதோட ஒண்ணு சேத்தா 2,001, அதுதான் கோட்டா, அத தொட்டா ஜெயிச்சாச்சு. ஏன் அந்த ஒண்ணுன்னா, ஆறு பேரு 2,001 வாங்கணும்னா 12,006 ஓட்டு வேணும், இருக்குறதே 12,000 தான். முதல் ரவுண்டுலயே ஒருத்தர் 2,501 வாங்கிட்டா மிச்சம் 500 வீணாப் போகாது, அவரோட சீட்ட எல்லாம் அடுத்த நம்பர் யாருன்னு பிரிச்சு, அந்த விகிதத்துல 500ஐ மத்தவங்களுக்கு குடுப்பாங்க. கடைசில இருக்குறவர வெளிய அனுப்பி அவரு சீட்டுகளையும் அதே மாதிரி பிரிப்பாங்க. உங்க 7ஆம் நம்பர் ஒருத்தர ஜெயிக்க வெக்கிறது இந்த இடத்துலதான்.

முடிஞ்சா யாராவது வேட்பாளர் பக்கம் பாஸ் வாங்கிட்டு ஹாலுக்குள்ள போங்க. பெட்டிய கவுத்து சீட்ட விரிச்சு நிமுத்தி வெப்பாங்க, கம்பித் தடுப்புக்கு இந்தப் பக்கம் கட்சிக்காரங்க எக்கி நின்னு, கிளிப்போர்டுல கோடு கோடா இழுப்பாங்க, அஞ்சாவது கோடு குறுக்கால. இதுதான் டேலி. எதிரெதிர் கட்சிக்காரங்க பூத்துகள பிரிச்சுக்கிட்டு எண்ணி, மத்தியானம் ஒண்ணா உக்காந்து கூட்டுவாங்க. இந்த தெரு நமக்கு விழுந்துச்சு, அந்த ஸ்கூல் பூத் கவுத்துடுச்சுன்னு அதிகாரப்பூர்வ ரிசல்ட்டுக்கு ரொம்ப முன்னாடியே தெரிஞ்சுடும்.

2002ல மூணு தொகுதில மட்டும் ஓட்டு மெஷின் வெச்சு பாத்தாங்க, முன்னாள் நீதித்துறை அமைச்சர் நோரா ஓவன் எந்த முன்னறிவிப்பும் இல்லாம மேடைலயே தோத்த செய்திய கேட்டு நின்னாங்க, ஊரே அய்யோன்னுச்சு. 50 மில்லியன் யூரோவுக்கு மேல செலவு பண்ணி 7,500 மெஷின் வாங்குனது அப்படியே குடோன்ல கிடந்து 2012ல காயலான் கடை சரக்கா போச்சு. இந்த நம்பர் முறையவே தூக்கிடலாம்னு ஃபியனா ஃபாயில் 1959லயும் 1968லயும் ரெஃபரெண்டம் வெச்சு பாத்துச்சு, ரெண்டு தடவயும் ஜனங்க முடியாதுன்னுட்டாங்க. தாத்தாகிட்ட இத கேட்டேன், அந்த ஒரு விஷயத்துல கட்சி சொன்னத கேக்கலன்னு தலைய ஆட்டுனாரு.

ஒண்ணு மட்டும், ஹாலுக்கு போறப்ப சார்ஜர், சாண்ட்விச், ஸ்வெட்டர் மூணும் மறக்காதீங்க. கடைசி இடம் அர்த்த ராத்திரிலதான் முடிவாகும், கோட்டாவ தொடாமயே ஒருத்தர் ஜெயிப்பாரு, தோத்தவரு ரீகவுண்ட் கேட்டுட்டாருன்னா மறுநாளும் லீவு சொல்லணும்.