பழைய தமிழ்ப் புத்தகங்களை ஆன்லைனில் விற்கத் தொடங்குவது எப்படி?

வீட்டில் உட்கார்ந்தபடி மாதம் ஐம்பதாயிரம் என்று சொல்லும் காணொளிகளைப் பார்த்துவிட்டு இங்கே வந்திருந்தால், முதலிலேயே சொல்லிவிடுகிறேன்: இது அந்தச் சங்கதி இல்லை. பழைய புத்தகத்தில் ஒரு பிரதிக்குக் கையில் நிற்பது பெரும்பாலும் முப்பது ரூபாயிலிருந்து நூறு ரூபாய்க்குள். அபூர்வமாக ஒன்று அதற்கு மேல் தரும். நெட் பில், பெட்ரோல் செலவைக் கட்டிவிட்டு, நமக்கென்று நாலு புத்தகம் ஒதுக்கிக்கொள்ள இது போதும்.

தேவையானவை: கேமரா உள்ள ஒரு போன், சமையலறைத் தராசு, ஈரம் ஏறாத ஓர் அலமாரி, ஆயிரம் இரண்டாயிரம் ரூபாய் முதல். கடையோ வெப்சைட்டோ வேண்டாம். வாட்ஸ்அப் ஸ்டேட்டஸும், பழைய புத்தகம் வாங்கி விற்கும் ஃபேஸ்புக் குழு ஒன்றிரண்டும் ஆரம்பத்துக்குப் போதும்.

1. வீட்டு அலமாரியில் தொடங்குங்கள்

உங்களிடம் ஏற்கெனவே இருப்பதில் பத்துப் பதினைந்தை எடுத்து விற்றுப் பாருங்கள். படம் எடுப்பது, பேரம், பார்சல், தபால் எல்லாம் முதல் போடாமலே பழகிவிடும். இந்தப் பத்தையே விற்கப் பொறுமை இல்லையென்றால் மூட்டையாக வாங்கிப் போடாதீர்கள்.

2. வாங்கும் இடம்

சென்னையில் இருப்பவர்களுக்குக் கவலையில்லை. ஞாயிற்றுக்கிழமை திருவல்லிக்கேணி பாரதி சாலை நடைபாதை இருக்கிறது. 1985 தீ விபத்துக்குப் பிறகு மூர் மார்க்கெட் கடைகள் இடம்பெயர்ந்த அல்லிக்குளம் வளாகம் சென்ட்ரலுக்குப் பக்கத்திலேயே இருக்கிறது. ஜனவரியில் நந்தனத்தில் புத்தகக் காட்சி நடக்கும்போது வெளியே பிளாட்பாரத்திலும் விரிப்பார்கள். கோவைக்காரர்களுக்கு உக்கடம்.

ஆனால் பழைய புத்தகக் கடைக்காரருக்கு எதற்கு என்ன விலை என்று நம்மைவிட நன்றாகவே தெரியும். அவரிடம் வாங்கி மறுபடி விற்பதில் இடைவெளி குறைவு. லாபம் இருப்பது அதற்கு ஒரு படி முன்னால்: பழைய பேப்பர் கடை. அங்கே எல்லாம் கிலோ கணக்கு. பேப்பர் கடை அண்ணனிடம் “புத்தகம் வந்தா தனியா எடுத்து வைங்கண்ணே, கிலோவுக்குக் கொஞ்சம் சேர்த்துத் தர்றேன்” என்று சொல்லி நம்பர் கொடுத்துவிட்டு வாருங்கள். வீடு மாற்றுபவர்களும், காலமான பெரியவரின் புத்தகங்களை என்ன செய்வதென்று தெரியாத குடும்பங்களும் இன்னொரு வழி. அவர்களிடம் அடிமாட்டு விலை பேசாதீர்கள். தாத்தா பெயர் எழுதிய புத்தகத்தை வீட்டில் யாராவது வைத்துக்கொள்கிறார்களா என்று ஒரு வார்த்தை கேட்டுவிட்டு மூட்டை கட்டுங்கள்.

3. உரிமைப் பக்கத்தைப் படிக்கப் பழகுங்கள்

இந்த வேலையில் கற்றுக்கொள்ள வேண்டியது என்று ஒன்று உண்டென்றால் அது இதுதான். அட்டையைப் பார்த்து வாங்குபவருக்குக் குப்பை சேரும். தலைப்புத் தாளுக்குப் பின்னால் பதிப்பு, ஆண்டு, அச்சகம், விலை எல்லாம் இருக்கும் பக்கத்தைத் திறந்து பார்ப்பவருக்குப் புத்தகம் சேரும்.

‘முதற்பதிப்பு: 1962’ என்று மட்டும் இருந்தால் கையில் இருப்பது பெரும்பாலும் அந்த முதற்பதிப்பே. அதற்குக் கீழே ‘நான்காம் பதிப்பு: 1979’ என்று இருந்தால் உங்களிடம் இருப்பது 1979. இரண்டையும் கவனிக்காமல் “முதற்பதிப்பு” என்று போட்டு விற்றால், வாங்கியவர் குழுவிலேயே கிழித்துத் தொங்கவிடுவார்.

ஆண்டே இல்லாத புத்தகங்களும் நிறைய வரும். அப்போது விலையைப் பாருங்கள். அணாக் கணக்கில் விலை போட்டிருந்தால் 1957 ஏப்ரலில் தசம நாணயம் வருவதற்கு முந்தையது என்று வைத்துக்கொள்ளலாம். ‘ந.பை.’ அல்லது ‘நயா பைசா’ என்றிருந்தால் 1957-க்கும் 1964-க்கும் இடைப்பட்டது. அடுத்தது முகவரி. ‘சென்னை-17’ என்று மட்டும் இருந்தால் பழசாக இருக்க வாய்ப்பு அதிகம். ‘600 017’ என்று ஆறு இலக்கம் இருந்தால் பின்கோடு அறிமுகமான 1972 ஆகஸ்டுக்கு முன் அச்சாகியிருக்க முடியாது. அப்புறம் எழுத்து. லை, ளை, னை, ணை நான்கும் யானைத் துதிக்கை மாதிரி வளைந்த பழைய வடிவத்தில் இருந்தால், 1978 எழுத்துச் சீர்திருத்தத்துக்கு முந்தையதாகவோ, அச்சகத்தில் பழைய எழுத்துகள் தீரும் வரை ஓட்டிய அடுத்த சில வருடங்களைச் சேர்ந்ததாகவோ இருக்கும்.

சைவ சித்தாந்த நூற்பதிப்புக் கழக வெளியீடுகளில் திருவள்ளுவர் ஆண்டு (தி.ஆ.) வரும். அதிலிருந்து 31-ஐக் கழியுங்கள்: தி.ஆ. 2000 என்றால் 1969. ‘ஆனந்த ஆண்டு’ என்பது போல வெறும் தமிழ் வருடப் பெயர் இருந்தால்தான் தலைவலி. அறுபது வருடத்துக்கு ஒருமுறை அதே பெயர் திரும்ப வருமே! 1914-ஆ 1974-ஆ என்பதை மேலே சொன்ன விலை, முகவரி, எழுத்து மூன்றையும் வைத்துத்தான் முடிவுகட்ட வேண்டும். ஐ.எஸ்.பி.என். என்கிற புத்தக அடையாள எண் பதின்மூன்று இலக்கத்தில் அச்சாகியிருந்தால் சுமார் 2007-க்குப் பிந்தையது. அவ்வளவு புதிய புத்தகத்துக்குப் பழமையின் பேரில் விலை கேட்க முடியாது.

4. எது போகும், எது போகாது

மறுபதிப்பு வராத சிறுகதைத் தொகுப்பு, மொழிபெயர்ப்பு நாவல், சோவியத் காலத்தில் மாஸ்கோவிலிருந்து வந்த முன்னேற்றப் பதிப்பக, ராதுகா வெளியீடுகள், உள்ளூர் வரலாறு, சிவகாசியிலிருந்து வந்த பழைய முத்து, லயன் காமிக்ஸ். இவற்றுக்கு ஆள் காத்திருக்கிறார்கள். வார இதழ்களில் வந்த தொடர்கதைகளைக் கிழித்து வீட்டிலேயே தைத்து வைத்த பைண்டு வால்யூம்களுக்கும் அப்படித்தான். அதில் மணியம், கோபுலு போன்ற ஓவியர்களின் படங்கள் இருந்தால் கதைக்காக அல்ல, படத்துக்காகவே வாங்குவார்கள். பைண்டிங் வாங்கும்போது அத்தியாய எண்களை வரிசையாகப் புரட்டிப் பாருங்கள். நடுவில் ஒரு வாரம் விட்டுப்போயிருந்தால் விலை பாதியாகிவிடும்.

நாட்டுடைமையாக்கப்பட்ட எழுத்தாளர்களின் சாதாரணப் பதிப்புகளில் பணம் இல்லை. யார் வேண்டுமானாலும் அச்சிடலாம் என்பதால் புதிதே மலிவாகக் கிடைக்கிறது. தமிழ் இணையக் கல்விக்கழக மின்நூலகத்தில் இலவசமாகவும் பல இருக்கின்றன. பழைய பதிப்பு என்றால் மட்டும் எடுங்கள். போட்டித் தேர்வு கைடுகள் பாடத்திட்டம் மாறிய அன்றே பேப்பர் கடைச் சரக்கு.

தொடவே கூடாதவை மூன்று. நூலக முத்திரை இருந்து, கழிக்கப்பட்டதற்கான குறி இல்லாதவை. அரசு மாணவர்களுக்கு விலையில்லாமல் கொடுத்த பாடநூல்கள். அப்புறம் திருட்டுப் பதிப்புகள்: மங்கலான அட்டை, ஒரு பக்கத்தின் எழுத்து மறுபக்கம் தெரியும் தாள். வாங்கிய நல்ல பிரதியைத் திரும்ப விற்பதில் சட்டப் பிரச்சினை இல்லை. கள்ளப் பிரதியைத் தெரிந்தே விற்பது பதிப்புரிமைச் சட்டப்படி குற்றம்.

5. சுத்தம் செய்வது

உலர்ந்த மெல்லிய பிரஷ்ஷால் தூசு தட்டுங்கள். பென்சில் கோடுகளை நல்ல ரப்பரால் லேசாக அழிக்கலாம். பேனாக் கோட்டில் கை வைக்காதீர்கள். ராமபாணப் பூச்சி இருக்கும்போல் தெரிந்தால் பாலிதீன் பையில் காற்றுப் புகாமல் கட்டி ஃப்ரீசரில் சில நாள் வையுங்கள், வீட்டில் சம்மதித்தால். வெளியே எடுத்ததும் பையைப் பிரிக்காதீர்கள். குளிர் முழுதும் இறங்கட்டும், இல்லாவிட்டால் தாளில் நீர் கோத்துக்கொள்ளும். நேர் வெயில் வேண்டாம், தாள் பழுத்துவிடும்.

6. விலை போடுவது

முதலில் எடை போடுங்கள். விலையைப் பற்றி யோசிப்பதற்கு முன்பே எடை. ஏனென்றால் வாங்குபவர் மனதில் ஓடுவது புத்தகம் பிளஸ் தபால் என்கிற மொத்தத் தொகைதான். அப்புறம் அதே நூல் புதிதாகக் கிடைக்கிறதா என்று பதிப்பகத் தளத்தில் பாருங்கள். கிடைத்தால், உங்கள் விலையும் தபாலும் சேர்ந்து புது விலையில் பாதியைத் தாண்டக் கூடாது. கிடைக்காவிட்டால் குழுக்களில் பழைய பதிவுகளைத் தேடி, எந்த விலைக்கு ‘விற்றாயிற்று’ என்று போட்டிருக்கிறார்கள் என்று பாருங்கள். கேட்ட விலையைப் பார்த்து ஏமாறாதீர்கள்.

ஒரு கணக்கு. 40 ரூபாய்க்கு வாங்கிய புத்தகம், அட்டை, டேப், கவர் எல்லாம் சேர்த்து 10 ரூபாய், விற்றது 120, தபால் தனி. நிற்பது 70. இதே புத்தகத்தை 60-க்கு வாங்கி 90-க்கு விற்றால் நிற்பது 20. அதற்கும் அதே படம், அதே பேரம், அதே தபால் ஆபீஸ் வரிசை. அந்த மாதிரிப் புத்தகத்தை வாங்கும் இடத்திலேயே கீழே வைத்துவிடுங்கள்.

7. பதிவு போடுவது

ஜன்னல் வெளிச்சத்தில் நாலு படம்: முன்னட்டை, பின்னட்டை, உரிமைப் பக்கம், இருப்பதிலேயே மோசமான இடம். நாலாவது படம்தான் உங்களுக்கு நல்ல பெயர் வாங்கித் தரும். விவரம் இந்த மாதிரி இருக்கட்டும்:

“இரண்டாம் பதிப்பு, 1974. 212 பக்கம், கெட்டி அட்டை. முதுகின் மேல்பக்கம் ஓர் அங்குலம் கிழிசல். முதல் தாளில் நீல மையில் அன்பளிப்பு வாசகம். 40-ஆம் பக்கம் வரை பென்சில் கோடு. பக்கங்கள் முழுமை, எண்ணிப் பார்த்தது. 180 ரூபாய், தபால் தனி.”

‘நல்ல நிலை’ என்று மட்டும் எழுதாதீர்கள். உங்கள் நல்ல நிலை வேறு, அவர் நல்ல நிலை வேறு. முதலில் கேட்டவருக்கே கொடுங்கள். பின்னால் வந்தவர் ஐம்பது கூடத் தருகிறேன் என்றாலும். “சார், கொஞ்சம் குறைச்சுக்குங்க” என்பவரிடம், இரண்டாக எடுத்தால் தபால் மிச்சம் என்று சொல்லிப் பாருங்கள். பெரும்பாலும் எடுப்பார்.

8. பணம்

ஜிபேயில் பணம் வந்த பிறகே பார்சல். அவர் அனுப்பும் ஸ்கிரீன்ஷாட்டை நம்பாமல் உங்கள் கணக்கில் பாருங்கள். பணம் அனுப்புகிறேன், இந்தக் கியூஆரை ஸ்கேன் செய்து பின் நம்பர் போடுங்கள் என்று யாராவது சொன்னால் பிளாக் செய்துவிடுங்கள். பணம் வாங்க யுபிஐ பின் தேவையே இல்லை. அச்சிட்ட புத்தகத்துக்கு ஜி.எஸ்.டி. கிடையாது என்பது ஒரு நிம்மதி.

9. பார்சலும் தபாலும்

முதல் சுற்று பாலிதீன். ஐப்பசி கார்த்திகை மழையில் தபால் பை நனையும், அதனால் இதை விடவே கூடாது. அடுத்து, புத்தகத்தைவிட எல்லாப் பக்கமும் அரை அங்குலம் பெரிதாக வெட்டிய அட்டைப்பெட்டித் துண்டு இரண்டு, மேலும் கீழும். மூலை மடங்காமல் காப்பது அந்த அரை அங்குலம்தான். மேலே பிரவுன் தாள். டேப் நேரடியாகப் புத்தகத்தில் படவே கூடாது. பெறுநர் முகவரியோடு பின்கோடும் போன் நம்பரும் கட்டாயம்.

அஞ்சல் துறை 2025 மே மாதத்திலிருந்து ‘ஞான் போஸ்ட்’ என்று புத்தகங்களுக்கென ஒரு சேவை வைத்திருக்கிறது. தொடங்கியபோது 300 கிராம் வரை 20 ரூபாய், உச்சவரம்பான 5 கிலோவுக்கு 100 ரூபாய், வரி தனி என்று கட்டணம் வைத்தார்கள். தரை வழியில் போவதால் மெதுவாகத்தான் சேரும், ஆனால் டிராக்கிங் உண்டு. கல்வி, சமூக, பண்பாட்டு, சமய நூல்களுக்குத்தான் இது. அச்சிட்டவர் அல்லது வெளியிட்டவர் பெயர் புத்தகத்தில் இருக்க வேண்டும், வார மாத இதழ்களை ஏற்க மாட்டார்கள். ஆகவே காமிக்ஸ், பைண்டு வால்யூம் போன்றவற்றை இதில் எடுப்பார்களா என்று கவுண்டரில் கேட்டுவிட்டு வாடிக்கையாளரிடம் தபால் செலவு சொல்லுங்கள். எடுக்காவிட்டால் ஸ்பீட் போஸ்ட், அல்லது கூரியர்.

கட்டிய பிறகு மறுபடி எடை பாருங்கள். 280 கிராம் புத்தகம் அட்டையும் டேப்பும் ஏறி 300-ஐத் தாண்டி அடுத்த கட்டணத்துக்குப் போய்விடும். ரசீதைப் படம் எடுத்து அன்றைக்கே வாட்ஸ்அப்பில் அனுப்பிவிடுங்கள், இல்லாவிட்டால் “அனுப்பிட்டீங்களா சார்?” என்று மறுநாள் காலை ஆறு மணிக்கே செய்தி வந்து நிற்கும்.