பெட்ரோல் போடும்போது டக் டக்னு கட் ஆகுதா?

டேங்க் பாதிகூட நிறையல, அதுக்குள்ள நாசில் டக்குனு கட் ஆயிடுது, திரும்ப அழுத்தினா மறுபடியும் டக். என் கார்ல ரெண்டு மாசம் இந்த கூத்துதான், பம்ப்லதான் கோளாறுன்னு நெனச்சு பங்க் பங்கா மாறிட்டு இருந்தேன். நாசில் நுனில ஒரு சின்ன ஓட்டை இருக்கும் பாருங்க, அதை பெட்ரோல் தொட்டு காத்து அடைபட்டா உடனே கட் ஆகும், டேங்க் நிறைஞ்சா நிக்கறது அப்படித்தான். ஆனா டேங்க் உள்ள இருக்கற காத்து வெளிய போக வழி இல்லன்னா பெட்ரோல் எதிர்த்து மேல வந்து அதே ஓட்டைய மூடிடும்.

அப்போதைக்கு நாசிலை லேசா திருப்பி, கொஞ்சம் வெளிய இழுத்து, மெதுவா போட சொல்லுங்க, பெரும்பாலும் ஏறிடும். எல்லா பங்க்லயும் இதே கதைன்னா டேங்க் காத்து வெளிய போற வழில இருக்கற வென்ட் ஹோஸ் (குழாய்), வென்ட் வால்வு, சார்கோல் கேனிஸ்டர் (பெட்ரோல் ஆவிய பிடிச்சு வைக்கற கரி டப்பா) மூணையும் மெக்கானிக்கிட்ட பாக்க சொல்லுங்க, தூசி, சேறு, சிலந்தி வலைகூட அடைச்சிருக்கும்.

ஆட்டோ கட் ஆனப்புறம் "இன்னும் கொஞ்சம்"னு அழுத்தி ஊத்தாதீங்க (நான் பண்ண தப்பு இதுதான்), பெட்ரோல் கேனிஸ்டருக்குள்ள போயிட்டா அதையே மாத்த வேண்டி வரும்.